டெராவுச்சி: விசாரணைக்கு வராத பீல்ட் மார்ஷல்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன தவணை தரம் 11 பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலா கூட்டிப் போனோம். பேராதனைப் பூங்காவுக்குள் நடந்துகொண்டிருந்தபோது, "இரண்டாம் உலக யுத்தத்தில் 1944 ஏப்ரல் தொடக்கம் தென்கிழக்கு ஆசியாவின் நேச நாட்டுப் படைத் தலைமையகம் இந்தப் பூங்காவுக்குள்தான் இருந்தது, மவுண்ட்பேட்டன் பிரபு இங்கிருந்துதான் பர்மா யுத்தத்தை நடத்தினார்" என்று சொன்னேன். ஒரு மாணவன் கேட்டான்: "அப்ப அவருக்கு எதிர்ப்பக்கம் யார் சேர் இருந்தது?"

"ஜப்பான்காரன்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு உறுத்தியது. ஹிட்லர், முசோலினி, டோஜோ என்று பெயர் சொல்லித்தான் படிப்பிக்கிறோம். ஆனால் மவுண்ட்பேட்டனுக்கு நேரெதிரே, பர்மாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை படைகளைக் கட்டி ஆண்ட மனிதரின் பெயரை நான் வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தப் பெயர் ஹிசாயிச்சி டெராவுச்சி. தமிழர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்த ஒரு கதையும் அவருடைய அதிகாரத்துக்குக் கீழேதான் நடந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

டெராவுச்சி பிறந்தது 1879இல். தகப்பன் மசடாகே டெராவுச்சி ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்த ஆள். 1877 உள்நாட்டு யுத்தத்தில் காயப்பட்டு வலது கை செயலிழந்த பிறகும் இராணுவத்தை விடாமல் மேலே மேலே போனவர். ஒன்பது வருடங்கள் தரைப்படை அமைச்சர். 1910இல் கொரியாவை ஜப்பானோடு இணைத்த கையெழுத்து அவருடையது. அங்கே முதல் ஆளுநர் நாயகமும் அவர்தான். 1916இல் பிரதமரானார். 1918இல் அரிசி விலை ஏறி நாடெங்கும் சனம் தெருவில் இறங்கியபோது பதவியை விட்டுப் போனார். அடுத்த வருடம் இறந்துபோனார்.

அன்றைய ஜப்பானில் ஐரோப்பாவைப் பார்த்து உருவாக்கிய ஐந்து படிப் பிரபு வரிசை ஒன்று இருந்தது. தகப்பனுக்கு அதில் நடுப்படியான 'கவுண்ட்' பட்டம் கிடைத்திருந்தது. 1919இல் அது மகனுக்கு வந்தது. ஆக ஹிசாயிச்சி நாற்பது வயதில் ஒரு பிரபு, ஒரு முன்னாள் பிரதமரின் மகன், அத்தோடு இராணுவ அதிகாரி. அவர் படிக்காமல் வந்தவர் அல்ல. இராணுவக் கல்லூரி, பதவிநிலைக் கல்லூரி இரண்டையும் முடித்து, ரஷ்ய யுத்தத்திலும் சேவை செய்தவர். ஆனாலும் அந்தப் பெயர் இல்லாமல் அவ்வளவு உயரத்துக்குப் போயிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அவருடைய சுபாவத்தைக் காட்ட ஒரு சின்னச் சம்பவம் போதும். 1933 ஜூன் மாதம். ஒசாக்காவில் 4ஆவது படைப்பிரிவுக்கு அவர் தளபதி. லீவில் வெளியே வந்த ஒரு சாதாரண சிப்பாய் தெருச் சந்தியில் சிவப்பு விளக்கைப் பொருட்படுத்தாமல் குறுக்கே போனான். பொலிஸ்காரர் பிடித்தார், கைகலப்பானது. எந்த ஊரிலும் அன்று பின்னேரமே முடிந்துவிடுகிற விஷயம். ஆனால் இராணுவம் அதைக் கௌரவப் பிரச்சினையாக்கியது: சக்கரவர்த்தியின் சிப்பாயைப் பொலிஸ் எப்படித் தொடலாம்? மாகாண நிர்வாகம், உள்நாட்டு அமைச்சு, தரைப்படை அமைச்சு என்று மாதக்கணக்கில் இழுபட்டு, கடைசியில் சக்கரவர்த்தியின் காது வரை போய்த்தான் சமரசமானது. சீருடை போட்டவன் சட்டத்துக்கு மேலே என்ற எண்ணம் ஒரு தெருச் சந்தியில் இப்படித் தலைகாட்டியது. மூன்று வருடத்தில் அதே எண்ணம் அமைச்சரவைக்குள் போய் உட்கார்ந்தது.

1936 பெப்ரவரி 26இல் டோக்கியோவில் இளம் அதிகாரிகள் கலகம் செய்து நிதி அமைச்சர் உட்படப் பெரிய தலைகளைக் கொன்றார்கள். கலகம் அடங்கியதும் மூத்த ஜெனரல்கள் பலர் ஒதுங்க வேண்டி வந்தது. கோஷ்டிச் சண்டையில் அதிகம் அழுக்குப் படாத ஆள் என்று டெராவுச்சி தரைப்படை அமைச்சரானார். பிரதமர் ஹிரோட்டா, இராஜதந்திரியாக இருந்தவர்.

பதவியேற்கும் முன்பே அவர் பிரதமரிடம் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, இவர் வேண்டாம், அவர் வேண்டாம் என்று வெட்டினார். வெட்டுப்பட்டவர்களில் ஒருவர் ஷிகேரு யொஷிதா. யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானைத் திரும்பக் கட்டியெழுப்பிய பிரதமர் அவர்தான்.

அடுத்ததாக, 1913இல் கைவிடப்பட்ட ஒரு விதியை மே மாதம் திரும்பக் கொண்டுவந்தார்கள். தரைப்படை, கடற்படை அமைச்சர்கள் சேவையில் உள்ள ஜெனரலாகவோ அட்மிரலாகவோ மட்டுமே இருக்க வேண்டும் என்பது அந்த விதி. வகுப்பில் இதை விளக்குவது கஷ்டம், நான் இப்படிச் சொல்வேன்: தரைப்படை அமைச்சர் இல்லாமல் அமைச்சரவை இல்லை. சேவையில் உள்ள ஜெனரலைத் தருவது இராணுவம். பிடிக்காத அரசாங்கம் வந்தால் இராணுவம் ஆள் தராது, அரசாங்கம் விழும். வீடு உங்களுடையது, திறப்பு வாடகைக்காரன் கையில்.

1937 ஜனவரி 21இல் பாராளுமன்றத்தில் ஒரு சம்பவம் நடந்தது. குனிமட்சு ஹமடா என்ற 68 வயது உறுப்பினர், முன்னாள் சபாநாயகரும்கூட, எழுந்து இராணுவம் அரசியலில் தலையிடுவதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். உங்கள் பேச்சில் இராணுவத்தை அவமதிக்கும் சொற்கள் இருப்பதாகப் படுகிறது என்றார் டெராவுச்சி. ஹமடா விடவில்லை. பதிவேட்டைப் பாருங்கள், அப்படி ஒரு சொல் இருந்தால் நான் வயிற்றைக் கிழித்துச் சாகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் செய்யுங்கள் என்றார். ஜப்பானியச் சரித்திரத்தில் இது 'ஹரகிரி விவாதம்' என்றே பெயர் பெற்றது.

இருவரும் வயிற்றைக் கிழிக்கவில்லை. கிழிந்தது அரசாங்கம். சபையைக் கலைக்க வேண்டும் என்று டெராவுச்சி ஒற்றைக் காலில் நின்றார், மற்ற அமைச்சர்கள் உடன்படவில்லை, இரண்டே நாளில் ஹிரோட்டா இராஜினாமா செய்தார். அடுத்துப் பிரதமராக அழைக்கப்பட்டவர் உகாக்கி, அவரும் ஒரு ஜெனரல்தான். அவரை இராணுவத்துக்குப் பிடிக்கவில்லை, அமைச்சர் தர மறுத்தது, அவரால் அரசாங்கமே அமைக்க முடியவில்லை. திறப்பு வேலை செய்தது. ஹிரோட்டாவின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

சீனாவோடு முழு யுத்தம் தொடங்கியதும், 1937 ஓகஸ்டில் வட சீனப் படைகளின் தளபதியாகப் போய் 1938 கடைசி வரை அங்கிருந்தார். 1939இல் நாஜிக் கட்சியின் நியூரம்பர்க் மாநாட்டுக்கு விருந்தாளியாக ஜேர்மனி போனார். யுத்தம் தொடங்கியதால் மாநாடே நடக்கவில்லை. 1941 நவம்பரில் அவர் கைக்கு வந்தது வாழ்நாளின் பெரிய பதவி: தென்படையின் பிரதம தளபதி.

அந்தப் பதவியின் அளவைப் பாருங்கள். பிலிப்பைன்ஸைப் பிடித்த ஹொம்மா, பர்மாவுக்குள் நுழைந்த ஈடா, ஜாவாவைப் பிடித்த இமமுரா, மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்த யமஷிட்டா, நான்கு படைகளும் அவருக்குக் கீழே. பெயர் அவர்களுக்குப் போனது, கட்டளை இவருடையது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தபோது தாக்குதல் தொடங்கி எழுபது நாள்தான் ஆகியிருந்தது. 1943இல் பீல்ட் மார்ஷல் ஆனார். தலைமையகம் சைகோனிலிருந்து சிங்கப்பூருக்கும், பிறகு மணிலாவுக்கும், மறுபடி சைகோனுக்குமாக மாறியது.

ஒரு இடைச் செருகல். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் விழுந்த குண்டுகளுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அது அட்மிரல் நகுமோவின் கடற்படை. ஜப்பானில் தரைப்படையும் கடற்படையும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சகோதரர்கள் மாதிரி. இதன் விலையைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது புகையிரதப் பாதைக்கு வருகிறேன். மலேசியத் தமிழர்கள் இன்றும் 'சயாம் மரண ரயில்' என்கிறார்கள்.

பர்மாவில் உள்ள படைக்குச் சாமான் அனுப்பக் கடல்வழி ஆபத்தாகிவிட்டது. அதனால் தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை, மலையையும் காட்டையும் வெட்டி 415 கிலோமீட்டர் பாதை போட முடிவெடுத்தார்கள். அனுமதி கொடுத்தது டோக்கியோ, செய்து முடித்தது டெராவுச்சியின் தென்படை. 1942 நடுப்பகுதியில் தொடங்கி 1943 ஒக்டோபர் 17இல் இரண்டு முனைகளும் சந்தித்தன. நடுவில், குறித்த திகதிக்கு முன்பே முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். சாவுகளில் பெரும்பங்கு அந்த அவசரமும் 1943 மழைக்காலமும் சேர்ந்த மாதங்களில் விழுந்தது.

வெள்ளைக்கார யுத்தக் கைதிகளின் கதையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 60,000க்கு மேற்பட்டவர்கள், இறந்தவர்கள் 12,000க்கு மேல். அது பெரிய துயரம்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு இலட்சம் அளவில். பர்மியர், மலாயர், ஜாவாக்காரர், தமிழர். இவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் சரியாக எண்ணவில்லை. 90,000 என்பது அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் றப்பர் தோட்டத் தமிழர்கள்.

ஏன் தமிழர்கள்? யுத்தத்தால் றப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்றார்கள். முதலில் போனவர்கள் அதை நம்பிப் போனார்கள், சிலர் மனைவி பிள்ளைகளோடு. போனவர்கள் திரும்பி வராததைக் கண்டு மற்றவர்கள் மறுத்தபோது ஆள்பிடிப்பு தொடங்கியது. இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, வந்தவர்களை லொறியில் ஏற்றியதாக உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கைதிகளைவிடக் கூலிகள் ஏன் இவ்வளவு அதிகமாகச் செத்தார்கள்? ஜப்பானியர் இரு தரப்பையும் மாடு மாதிரித்தான் நடத்தினார்கள். ஆனால் கைதிகளிடம் ஒரு படையின் ஒழுங்கு இருந்தது. அவர்களுக்குள் வைத்தியர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும், மலக்குழி இங்கே வெட்ட வேண்டும் என்று கட்டளையிட ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துக்கு அப்படி யாருமில்லை. 1943இல் வாந்திபேதி வந்தபோது அது கூலி முகாம்களை முகாம் முகாமாகத் துடைத்துக்கொண்டு போனது. இன்று காஞ்சனபுரி போனால் கைதிகளின் மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகளை வரிசையாகக் காணலாம், பெரும்பாலானவற்றில் பெயர் இருக்கிறது. தமிழர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை.

இதையெல்லாம் டெராவுச்சி நேரில் நின்று செய்வித்தாரா? இல்லை. ஆனால் பாதை அவருடைய படைக்காக, அவருடைய படையால், அவர் பிரதம தளபதியாக இருந்த காலத்தில் கட்டப்பட்டது.

நேதாஜி விஷயத்திலும் இவர் வருகிறார். இந்தியத் தேசிய இராணுவத்தில் மலாயாத் தமிழர்கள் நிறையப் பேர் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். அந்தப் படையை முன்னணியில் இறக்க டெராவுச்சி முதலில் விரும்பவில்லை. பிரசாரத்துக்கும் உளவுக்கும் போதும் என்பது அவர் எண்ணம். போஸ் பிடிவாதமாக நின்றுதான் ஒரு ரெஜிமென்டையாவது முன்னே கொண்டுபோனார். 1944 மார்ச்சில் தொடங்கிய இம்பால் தாக்குதலின் முடிவு தெரிந்ததே. சாமான் வழங்கல் வழி இல்லாமல் மலைகளைத் தாண்டிப் போன படை பட்டினியாலும் நோயாலும் அழிந்து ஜூலையில் திரும்பியது. திட்டம் முட்டகுச்சியுடையது. ஆனால் மேலே அனுப்பி அனுமதி வாங்கிக் கொடுத்த வரிசையில் தென்படைத் தலைமையகமும் இருந்தது.

அதே ஜூலையில் டோஜோ பதவி இழந்தபோது அடுத்த பிரதமராக முதலில் பேசப்பட்ட பெயர் டெராவுச்சி! போர்முனைத் தளபதியை இப்போது எடுக்க முடியாது என்று டோஜோ மறித்ததால்தான் கொய்சோவுக்குப் போனது. தோல்வி யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது, யாருடைய கணக்கில் எழுதப்படுவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒக்டோபரில் லெய்ட்டே. ஜப்பானியக் கடற்படை விமானிகள் தாய்வானுக்கு அப்பால் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களைக் கூட்டமாக மூழ்கடித்துவிட்டதாக அறிவித்தார்கள். உண்மையில் ஒன்றுகூட மூழ்கவில்லை. தவறு என்று தெரிய வந்த பிறகும் கடற்படை அதைத் தரைப்படைக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத சகோதரர்கள் என்றேனே, அதன் விலை இது. எதிரி நொந்துபோயிருக்கிறான் என்று நம்பி, லெய்ட்டேத் தீவில் இறுதிச் சண்டை பிடி என்று டெராவுச்சி கட்டளையிட்டார். சில நாட்களுக்கு முன்தான் பிலிப்பைன்ஸுக்கு வந்திருந்த யமஷிட்டா, வேண்டாம், லூசோனில் நின்று பிடிப்போம் என்று மறுத்துப் பார்த்தார். கேட்கவில்லை. நவம்பரில் மறுபடி சொன்னார், அப்போதும் கேட்கவில்லை. அந்த நவம்பர் 17இல் டெராவுச்சி தலைமையகத்தோடு சைகோனுக்குப் போய்விட்டார். லெய்ட்டேயில் இறந்த ஜப்பானியர் அண்ணளவாக 80,000.

1945இல் பர்மா கைவிட்டுப் போன நாட்களில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. உடம்பு பாதி விழுந்துவிட்டது.

அந்த நிலையிலும் ஒரு வரலாற்றுச் சந்திப்பு நடந்தது. ஓகஸ்ட் 12, நோன்பு மாதம். சுகர்னோவும் ஹத்தாவும் விமானத்தில் வியட்நாமின் டலாத் மலைநகருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இந்தோனேசியாவுக்குச் சுதந்திரம் தருகிறோம் என்று டெராவுச்சி அறிவித்தார். ஹத்தாவுக்கு அன்று பிறந்தநாள். மூன்றாம் நாள் ஜப்பான் சரணடைந்தது, வாக்குக் கொடுத்தவரிடம் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. ஜப்பான் தரும் சுதந்திரம் வேண்டாம் என்று ஜகார்த்தாவின் இளைஞர்கள் கொதித்தார்கள். ஓகஸ்ட் 17, ரமழான் பிறை 9, வெள்ளிக்கிழமை, சுகர்னோ தன் வீட்டு முற்றத்தில் நின்று ஜப்பானின் பெயரைச் சொல்லாமல் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தார். ஜாவாவிலிருந்து அதே ஜப்பானிய இராணுவம் கொண்டுபோன கூலிகளில் எத்தனையோ பேர் அந்தச் செய்தியைக் கேட்க உயிரோடு இல்லை.

இனி மவுண்ட்பேட்டன். விக்டோரியா மகாராணியின் கொள்ளுப்பேரன், புகழ்பெற்ற தகப்பனின் மகன், கடற்படை அதிகாரி. எதிரிகள் இருவருக்கும் இவ்வளவு ஒற்றுமை. செப்டெம்பர் 12இல் சிங்கப்பூர் நகர மண்டபத்தில் சரணடைவு வைபவம். டெராவுச்சியால் வர முடியாது என்றார்கள். மவுண்ட்பேட்டன் நம்பவில்லை, தன் வைத்தியரை அனுப்பிப் பரிசோதித்து உறுதி செய்துகொண்டார். டெராவுச்சிக்குப் பதிலாகக் கையெழுத்திட்டவர் ஜெனரல் இட்டாகாக்கி.

ஆனால் வாளை நேரில் தந்தே ஆக வேண்டும் என்பதில் மவுண்ட்பேட்டன் விடவில்லை. வாள் கொடுக்கும் சடங்கு பழங்காலத்து வேலை என்று மெக்ஆர்தர் ஒதுக்கியதை இவர் ஏற்கவில்லை. சபையில் வாளைக் கொடுக்காத ஜெனரல் தோற்றதாக ஒப்புக்கொள்ள மாட்டான் என்பது இவர் கருத்து. டெராவுச்சியின் குடும்ப வாள்கள் ஜப்பானில் இருந்தன, அவற்றை விமானத்தில் வருவித்தார்கள். 1945 நவம்பர் 30, சைகோனில், நடக்கவே சிரமப்பட்ட கிழவர் இரண்டு வாள்களைக் கொடுத்தார். ஒன்று 13ஆம் நூற்றாண்டுக்கும் மற்றது 16ஆம் நூற்றாண்டுக்கும் உரியவை.

பிறகு நடந்தவற்றைத் திகதி வாரியாகச் சொல்கிறேன். லெய்ட்டே வேண்டாம் என்ற யமஷிட்டா, மணிலாப் படுகொலைகளின்போது தன் படையைக் கட்டுப்படுத்தவில்லை என்ற குற்றத்துக்கு 1946 பெப்ரவரி 23இல் தூக்கிலிடப்பட்டார். தெரிந்து செய்வித்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை, தளபதி பொறுப்பு என்றார்கள். அந்தச் சட்டத்தை ஒரு படி மேலே கொண்டுபோனால் யார் இருக்கிறார்? ஹொம்மா ஏப்ரல் 3இல் சுடப்பட்டார். 1948 டிசம்பர் 23 அதிகாலை டோக்கியோவில் ஏழு பேர் தூக்கில் போனார்கள். அதில் ஒருவர் டெராவுச்சிக்குப் பதிலாகக் கையெழுத்திட்ட இட்டாகாக்கி. ஒருவர் பர்மாவில் அவருக்குக் கீழ் இருந்த கிமுரா. இன்னொருவர் ஹிரோட்டா, ஏழு பேரில் இராணுவத்தைச் சேராத ஒரே மனிதர். 1937இல் டெராவுச்சி கவிழ்த்த அதே பிரதமர்!

இவர்கள் நிரபராதிகள் என்று நான் சொல்லவரவில்லை. சிங்கப்பூரில் சீனர்களை வரிசையில் நிறுத்திக் கொன்றது யமஷிட்டாவின் படைதான். என் கேள்வி வேறு.

டெராவுச்சி எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. நோயாளி என்று 1946இல் மலாயாவுக்குக் கொண்டுவந்து, ஜொகூர் மாநிலத்தில் ரெங்கம் என்ற ஊரில் தடுத்து வைத்திருந்தார்கள். அங்கேதான் ஜூன் 12இல், 66 வயதில், படுக்கையில் இறந்தார். சிங்கப்பூரில் உள்ள ஜப்பானிய மயானத்தில் அவர் பெயர் பொறித்த நினைவுக்கல் இருக்கிறது. வாள்களில் ஒன்று பிரித்தானிய மன்னருக்குக் கொடுக்கப்பட்டு வின்ட்சர் கோட்டைக்குப் போனது.

ரெங்கம் றப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்.

அடுத்த கிழமை அந்த மாணவனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "சேர், சயாமில இருந்து திரும்பி வந்த ஆக்கள் அந்த நேரம் அந்தத் தோட்டங்கள்ல இருந்திருப்பாங்களா?" என்றான்.